அளவு யாருடையது?

“குடி, வேண்டாங்கல. ஆனா அளவா குடி.” நம் ஊரில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் அறிவுரை வேறு இல்லை. மாமா சொல்வார், பெரியப்பா சொல்வார், எதிரே உட்கார்ந்து ஊற்றிக் கொடுக்கும் நண்பனே சொல்வான். அளவு என்றால் எவ்வளவு என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டால், “அது உனக்கே தெரியணும்” என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு அது தெரியுமா? இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான்.

தமிழ்நாட்டில் அந்த அளவை நமக்காகப் பெரும்பாலும் பாட்டில்தான் முடிவு செய்திருக்கிறது. குவார்ட்டர், 180 மில்லி. “ஒரு குவார்ட்டர்தான் மச்சி” என்று சொல்லும்போது அந்தத் ‘தான்’ ஒரு தீர்ப்பையே வழங்கிவிடுகிறது: இது கொஞ்சம்தான், கணக்கில் வராது.

கணக்கில் எடுத்துப் பார்ப்போம். பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் 180 மில்லியில் சுமார் 77 மில்லி ஆல்கஹால். எடையாக மாற்றினால் ஏறக்குறைய 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை மிகையான குடி என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. நாம் ‘கொஞ்சம்தான்’ என்று சொல்லும் அதே இடத்தில்தான் அவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். “நான் பீர் மட்டும்தாங்க” என்பவருக்கும் இது பொருந்தும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம் இருக்கிறது. இரண்டாவது பாட்டில் பாதி ஆகும்போது அவரும் கோட்டைத் தாண்டிவிடுகிறார்.

கோட்டைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டால் என்ன ஆகும்? கல்லீரலில் முதலில் கொழுப்பு சேரும். வலிக்காது, பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். தொடர்ந்தால் வீக்கம், பிறகு தழும்பு. அந்தத் தழும்பு முற்றிய நிலைதான் சிரோசிஸ், அதிலிருந்து திரும்புவது கடினம். ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துடிப்பு தாளம் தவறும், தூக்கம் அரைகுறையாகும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் மது 1988லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று அந்தப் பட்டியல் போகிறது. ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. குறைக்கக் குறைக்க ஆபத்தும் குறையும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இதெல்லாம் தெரிந்தவர்களும் குடிக்கிறார்களே, ஏன்? மன உறுதி போதவில்லை என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை.

கிரேக்கத்தில் யூபுலிடீஸ் பெயரில் ஒரு புதிர் உண்டு. மணல் குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் அது குவியலாகவே இருக்கும். இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. எந்த மணியை எடுக்கும்போது குவியல் இல்லாமல் போகிறது? குடி இந்தப் புதிரை எதிர்த்திசையில் ஓட்டுகிறது. “இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, அதனால என்ன ஆயிடப்போகுது?” யோசித்துப் பார்த்தால் அந்த வாதம் ஏறத்தாழ சரி. அந்த ஒரு ரவுண்டால் யாருக்கும் சிரோசிஸ் வந்துவிடாது. அடுத்த ரவுண்டுக்கும் அதே வாதம், அடுத்த வாரத்துக்கும் அதே வாதம். ஒவ்வொரு கிளாஸின் முன்னாலும் தர்க்கம் கிளாஸின் பக்கமே நிற்கிறது. போதாததற்கு, தீர்மானிக்க வேண்டிய மூளையும் அந்நேரம் நனைந்து கிடக்கிறது.

எனவே முடிவு எடுக்க மிக மோசமான இடம் அந்த மேஜைதான்.

மிட்டிலினி நகரை ஆண்ட பிட்டகஸ், குடிபோதையில் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை என்று சட்டம் போட்டார். போதையில் இருந்தவனுக்கு இரக்கம் காட்டாமல் கூடுதல் தண்டனையா? அரிஸ்டாட்டில் தன் அறநூலில் இந்த வகைத் தண்டனைக்குக் காரணம் சொல்கிறார்: போதையேறிய பிறகு அவனால் முடியாமல் போயிருக்கலாம், ஆனால் போதையேறாமல் இருப்பது அவன் கையில் இருந்தது. எறிந்த கல்லைத் திரும்பப் பிடிக்க முடியாது. எறிவதும் எறியாததும் நம்மிடம் இருந்தது.

வள்ளுவரும் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் இதற்கு நெருக்கமான இடத்துக்கே வருகிறார். தான் குடிக்காத வேளையில், குடித்துக் களித்திருக்கும் இன்னொருவனைப் பார்க்கும்போதாவது தன் நிலை இதுதான் என்று ஒருவன் நினைக்கமாட்டானா என்று கேட்கிறார். அவர் கேள்வி கேட்பது தெளிந்திருப்பவனிடம். குடியின் அறம் குடிக்காத நேரத்தில் இருக்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன்.

குறைப்பதற்கான நடைமுறை வழிகள் பலவும் இந்த ஒரு எண்ணத்திலிருந்தே வருகின்றன. வெள்ளிக்கிழமை இரவின் அளவை வெள்ளிக்கிழமை மதியமே போனில் எழுதி வைப்பது. கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுவது (30 மில்லி என்றால் சுமார் 10 கிராம், குவார்ட்டர் என்றால் அதில் ஆறு). வாரத்தில் இந்த நாள்களில் தொடுவதில்லை என்று முன்பே குறிப்பது. வீட்டில் ஸ்டாக் வைக்காமல் இருப்பது. சாப்பிட்டுவிட்டு உட்காருவது, நடுநடுவே தண்ணீர் குடிப்பது. ஒரு நண்பனிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. எதிலும் வீரம் இல்லை. மேஜையில் தோற்கப்போகும் ஒருவனுக்காக, தெளிந்திருக்கும் அதே ஆள் செய்து வைக்கும் ஏற்பாடுகள் இவை.

ஆனால் அரிஸ்டாட்டிலின் கல்லை வைத்து எல்லோரையும் அடிக்கவும் கூடாது. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்புக்குக் ‘குடிக்காத நேரம்’ என்பதே வேதனையான நேரம். அப்படிப்பட்டவர் வைராக்கியத்தில் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் டாக்டரைப் பார்த்து, மருந்தின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியவரை “உனக்கு ரோஷமே இல்லையா” என்று கேட்பது அறமும் இல்லை, மருத்துவமும் இல்லை.

பொறுப்பும் ஒருவருடையது மட்டும் இல்லை. 2003லிருந்து சில்லறைக் கடையை நடத்துவது அரசு. டீம் அவுட்டிங்கில் “என்ன ப்ரோ, சோடாவா?” என்று சிரிப்பது நாம். ஒருவன் மதியம் எழுதி வைத்த எண்ணை இரவு பத்து மணிக்கு அழிக்கச் சொல்வதற்கு நட்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அவன் “போதும்” என்று சொல்லும்போது பேசுவது இன்னும் தெளிவாக இருக்கும் ஓர் ஆள். அந்த ஆள் மேஜையில் அதிக நேரம் தாக்குப்பிடிக்கமாட்டான். அவன் இருக்கும்வரை அவன் பக்கம் நிற்கலாம்.