துடக்குக்காரனும் அறுப்பின் பண்டிகையும்

சாவு எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே கூப்பிடுகிறது. ஒருவனுக்காக இன்னொருவன் சாக முடியாது. பக்கத்தில் நின்று காதுக்குள் கத்தலாம், ஆனால் அந்தச் சண்டையை அவனவன்தான் பிடிக்கவேண்டும். 1522 மார்ச் 9ஆம் திகதி விட்டன்பர்க் நகரத்துப் பிரசங்க மேடையில் மார்ட்டின் லுத்தர் இந்தக் கருத்தோடுதான் பேசத் தொடங்கினார். விசுவாசமும் அப்படித்தான் என்பது அவர் முடிவு. தாய் நம்பினாள், ஊர் நம்பியது என்று சொல்லி ஒருவன் கடவுளுக்கு முன்னால் நிற்கமுடியாது.

இதில் பாதி எனக்கு முழு உடன்பாடு. மற்றப் பாதியோடு முப்பது வருடத்துக்கு மேலாக மனதுக்குள் வாதாடி வருகிறேன். அந்த வாதத்தைத் தொடக்கிவைத்தது, லுத்தரின் பேரிலேயே நடக்கிற சின்னக் கோயில் ஒன்று.

நான், வல்வை என்று நாங்கள் சுருக்கிச் சொல்கிற வல்வெட்டித்துறையில் பிறந்த சைவன். முத்துமாரி அம்மன் கோயில் மணிச்சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் வேதக்காரர் என்றால் எங்களுக்குத் தெரிந்தது பருத்தித்துறை மெதடிஸ்தரும், உடுப்பிட்டி அமெரிக்க மிஷன்காரரும், கரையோரத்துக் கத்தோலிக்கரும்தான். நத்தாருக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் புக்கை போகும். லுத்தரன் என்ற பேர் எனக்கு அறிமுகமானது எண்பதுகளின் நடுவில், கடல் கடந்து போய்த் தமிழ்நாட்டில் பொறையாற்றுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் வீடு எடுத்து இருந்தபோது.

பொறையாற்றுக்குக் கிழக்கே சிறு நடை தூரத்தில் தரங்கம்பாடி. டென்மார்க் அரசன் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சாவும் 1706 ஜூலை 9இல் வந்து இறங்கிய துறை அது. சீகன்பால்கு மணலில் எழுதப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது; 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார்; மறுவருடமே 36 வயதில் இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். அந்த மரபில் தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த கிறிஸ்தியான் தாவீது 1801இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பிரசங்கம் செய்தார். அவர் கடந்த கடலையே எங்கள் ஊர்த் தண்டையல்மாரும் தலைமுறை தலைமுறையாகக் கடந்தார்கள். அவர்கள் வத்தை கட்டிச் சரக்கு ஏற்றிப்போன நாகபட்டினமும் காரைக்காலும் அந்தக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். அன்னியமான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று எனக்கு ஒருநாளும் தோன்றாததற்கு இதுவும் காரணம்.

அந்தக் கிராமத்துக் கோயில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீள அறை. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஒரு சேகரத்துக்குள் அடங்கிய பல சின்னச் சபைகளில் அதுவும் ஒன்று. போதகர் ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம். பக்கத்து வீட்டில் இருந்த அவருக்கு நான் கணக்கு வாத்தியார் என்று தெரிந்ததும் மாலையில் சபைப் பிள்ளைகளை என்னிடம் அனுப்பினார். அந்தத் தொடர்பில் அவர்களுடைய வருடம் முழுவதும் என் திண்ணைக்கு முன்னால் நடந்தது. மார்கழி இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஆர்மோனியமுமாக வீடு வீடாகப் பாடிப் போவார்கள். வருடக் கடைசி இரவில் நடுச்சாமம் வரை விழித்திருப்பார்கள். லெந்து நாட்களில் கல்யாணம் கிடையாது. பெரிய வெள்ளியன்று மத்தியானம் மூன்று மணி நேரம் ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்காத கிழவிகள் பாயில் நிமிர்ந்து இருப்பார்கள். உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முன்னால் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை பையன்களுக்கு. ஜெர்மன் மெட்டில் நீட்டி இழுக்கிற ஞானப்பாட்டு ஒன்று பாடினால், அடுத்தது வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை. அங்கே மட்டும் தாளம் சேரும், தலைகள் அசையும்.

1990 தை மாதம் என் தாயார் வல்வையில் காலமானார். முந்தைய ஆகஸ்டில்தான் இந்தியப் படையினர் கையால் ஊரில் ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் செத்திருந்தார்கள். அம்மாவுக்கு வந்தது அந்தச் சாவு அல்ல; வயதும் ஆஸ்துமாவும் கொண்டுபோயின. ஆனால் படகு ஓடாத வாரங்கள் அவை. செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் எட்டுச்செலவு கூட முடிந்திருந்தது. மகன் நான். கொள்ளி வைத்தது சிறிய தகப்பனாரின் மகன்.

எங்கள் முறைப்படி துடக்குக்காரன், அதாவது சாவுத் தீட்டு உள்ளவன், முப்பத்தொரு நாள் கோயில் படி மிதிக்கக்கூடாது. இதைக் கொடுமை என்று சொல்கிறவர்கள் ஊருக்குள் அதன் மறுபக்கத்தைப் பார்க்காதவர்கள். துடக்குக்காரன் கோயிலுக்குப் போகாவிட்டால் என்ன, ஊர் அவன் முற்றத்துக்கு வந்துவிடும். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு உறவுக்காரர் சோறு கொண்டுவருவார்கள். பந்தல் போடுவார்கள், வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி விடிய விடிய இருப்பார்கள். அழுகிறவன் தனியாக அழுவதற்கு யாழ்ப்பாணத்தில் யாரும் இடம் கொடுப்பதில்லை. விலக்கும் அணைப்பும் ஒரே வழக்கத்தின் இரண்டு கைகள். அக்கரையில் எனக்கு ஒரு கை மட்டும் எஞ்சியிருந்தது. கோயிலுக்குப் போகமுடியாது, முற்றத்துக்கு வரவும் ஆளில்லை. தேவாரம் வாயில் வரவில்லை. திருநீற்றுப் பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மாசியில் அவர்களுக்கு அறுப்பின் பண்டிகை. உபதேசியார் வந்து, "சாரு, கோயிலுக்கு வாங்க" என்றார். துடக்கு என்றேன். "அதனாலதான் கூப்பிடுறோம்" என்றார்.

அறுப்பின் பண்டிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அந்தச் சபையில் பத்து மா நிலம் வைத்திருந்தவர் எவரும் இல்லை. பெரும்பாலும் கூலிக்கு அறுக்கிறவர்கள். வயல் பண்ணையாருடையது, விளைச்சல் பண்ணையாருடையது. இவர்களுக்குக் களத்தில் அளந்து கிடைப்பது கூலி நெல். அந்தக் கூலி நெல்லிலிருந்து முதல் படியைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் விரித்த சாக்கில் கொட்டினார்கள். மற்றவர்கள் வாழைத்தார், பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல், பனங்கிழங்கு. ஜெபம் முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் ஏலம் போட்டார்கள்.

ஏலம் என்றால் நான் அறிந்தது வல்வைக் கடற்கரையில் மீன் கூறுவது. அங்கே வாங்குகிறவன் குறைத்துக் கேட்பான். இங்கே சந்தையில் இரண்டு ரூபாய் போகும் பூசணிக்காயை ஒருவர் பத்துக்கு எடுத்து, திரும்பச் சபைக்கே கொடுத்துவிடுவார். மறுபடி ஏலம். இன்னொருவர் பன்னிரண்டுக்கு எடுப்பார், அவரும் திருப்பிக் கொடுப்பார். ஒரே காய் நாலைந்து பேரைச் சுற்றி வந்தது. பணம் கூரைக்கு ஓடு மாற்ற.

கடவுளின் கிருபையை விலை கொடுத்து வாங்கமுடியாது என்று சொல்லித்தான் லுத்தர் ரோமாபுரியோடு முறித்துக்கொண்டார். 1520இல் அவர் எழுதிய கிறிஸ்தவ சுதந்திரம் பற்றிய நூலில், நற்செயல்கள் கடவுளிடம் நீதிமானாகப் பேர் எடுக்க உதவாது, அவை அயலானுக்காகச் செய்யப்படவேண்டியவை என்று வாதிடுகிறார். வேப்பமரத்தடியில் அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆண்டவனுக்குப் பூசணிக்காய் வேண்டாம் என்பது அந்தச் சனங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, கூலி நெல்லில் வாழ்கிறவர்கள் அன்று ஒருவருக்கொருவர் தாராளமானவர்களாக இருந்தார்கள். வருடத்தில் ஒருநாள் அவர்கள் வாங்குகிறவர்கள் அல்ல, கொடுக்கிறவர்கள். அதற்கு ஒரு பருவமும், ஒரு மரத்தடியும், எல்லாரும் பார்த்திருப்பதும் தேவைப்பட்டன. தனியாக வீட்டில் இருந்து நம்பினால் இது நடக்காது.

கடைசியாக அந்தப் பூசணிக்காயை எடுத்தவர் ஒரு வயதான அறுப்புக்காரி. அவர் அதைச் சபைக்குத் திருப்பவில்லை. நேரே என்னிடம் தூக்கி வந்தார். "அம்மா கருமாதிக்கு வச்சுக்க தம்பி. காய்கறி வேணும்ல."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கீரிமலையில் செய்யவேண்டியவன் பூம்புகாரில், காவிரி கடலில் விழும் இடத்தில் செய்தேன். குருக்களுக்குக் கொடுத்த தானத்தில் அரிசி, பருப்பு, வாழைக்காயோடு அந்தப் பூசணிக்காயும் இருந்தது. அது எந்தப் பீடத்துக்கு முன்னால் இருந்து வந்தது என்று குருக்களிடம் சொன்னேன். "காய்தானே" என்று வாங்கிக்கொண்டார். அவருக்கும் என் நன்றி உண்டு.

இனி, எனக்கு உடன்பாடான பாதி. அந்தச் சபையில் எனக்குத் திருவிருந்து தரவில்லை. நான் கேட்கவுமில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் முழங்காலிட்டபோது நான் பின்பாயில் இருந்தேன். இரக்கப்பட்டு அந்த அப்பத்தை எனக்கு நீட்டியிருந்தால் தங்கள் நம்பிக்கையையும் என் சைவத்தையும் ஒன்றாக அற்பமாக்கியிருப்பார்கள். ஒரு இளைஞர் என்னிடம், நீங்களும் ஞானஸ்நானம் எடுக்கலாமே என்று தொடங்கினார். ஐயர் அவரைத் தடுத்தார். "துக்கத்துல இருக்கிறவர்கிட்ட அதைக் கேக்கக்கூடாது. அது அவரு ஆண்டவரோட தீர்த்துக்க வேண்டிய கணக்கு." அவனவன் சண்டையை அவனவன்தான் பிடிக்கவேண்டும் என்ற லுத்தரின் வார்த்தைக்கு இதைவிடக் கண்ணியமான உரையை நான் கேட்டதில்லை. திருவிருந்து எனக்கு இல்லை. அதற்குப் பிறகு மரத்தடியில் விரித்த வாழையிலை எனக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு நியாயமான கோடு.

நியாயமில்லாத கோடுகளையும் அதே திருச்சபை கீறியது. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் பழைய சபைகள் சாதி பார்த்து இடம் பிரித்து உட்கார்ந்தன. ஆரோன் 1733இல் தமிழர்களுக்குள் முதல் போதகராக அபிஷேகம் பெற்றார். அவருக்குச் சற்றும் குறையாமல் உழைத்த ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயாராக இல்லை. இதைச் சொல்கிற யாழ்ப்பாணச் சைவன் மாவிட்டபுரத்தையும் சொல்லவேண்டும். 1968இல் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகக் கேட்டு நின்றபோது மறித்தவர்கள் எங்கள் ஆட்கள். நம்பிக்கையால் வருகிற எல்லையை ஒருவன் விரும்பினால் கடக்கலாம். பிறப்பால் போடும் எல்லையை அவன் செத்தாலும் கடக்கமுடியாது. முதலாவதை நான் மதிக்கிறேன். இரண்டாவதைப் போட்டவர்கள் கூடவில்லை, கும்பலாக நின்றார்கள்.

லுத்தருக்குள்ளேயே எனக்கு ஒரு சாட்சி உண்டு. 1519இல், அந்த விட்டன்பர்க் பிரசங்கத்துக்கு முன்னால், திருவிருந்தைப் பற்றி எழுதும்போது அவர் வேறுவிதமாகப் பேசுகிறார். ஒரு நகரத்துக் குடிமகனுக்கு அந்த நகரத்தின் பேரும் பாதுகாப்பும் உரிமையாவதுபோல, சபையில் சேர்ந்தவனுக்கு மற்றவர்களின் பலம் உரிமை. கலங்கியவன் தன் பாரத்தை அவர்கள்மேல் இறக்கிவைக்கலாம், அவர்கள் பாரத்தை அவனும் தூக்கவேண்டும் என்கிறார். பிந்திய லுத்தர் இதை மறுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாவைத் தனியே சந்திக்கச் சொன்ன லுத்தரை எல்லாரும் அறிவார்கள். இந்த லுத்தரை அறிந்தவர்கள் குறைவு. என் வாதம் இவரை வைத்துத்தான். சாகிறவன் தனியே சாகிறான், சரி. அவனை இழந்தவன் தனியே நம்பவேண்டும் என்று யார் சொன்னது? அந்த மாசியில் எனக்குள் நம்பிக்கை என்று ஒன்றும் இருக்கவில்லை. பாட்டுப் பாடிய அந்த அறைக்குள் இருந்தது. எனக்குப் பதிலாக அவர்கள் நம்பவில்லை. நான் திரும்பி வரும்வரை இடத்தைப் பிடித்துவைத்திருந்தார்கள். பருவம் தவறாமல் கூடுகிறவர்களால்தான் அப்படி இடம் பிடித்து வைக்கமுடியும். மனம் வந்தால் மட்டும் கூடுகிறவர்களிடம் போய் நின்றால், நாம் போகிற நாளில் கதவு பூட்டியிருக்கும்.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் பெட்டியைத் திறந்து திருநீறு பூசினேன். அதற்குக் கூப்பிட்டவர்கள் வேதக்காரர்கள் என்பதில் எனக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

இப்போது நான் மறுபடி வல்வையில். சித்திரைப் பௌர்ணமியில் அம்மன் ஊறணிக் கடலுக்குத் தீர்த்தமாடப் போகிறாள், அன்றிரவு இந்திரவிழா. தைப்பொங்கலுக்குப் பட்டத் திருவிழாவில் கடற்கரை கொள்ளாத சனம். தீர்த்தத்தன்று எங்கள் ஒழுங்கை இளைஞர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டுச் சோறும் கொடுக்கிறார்கள். அந்தச் சோற்றில் ஒரு பங்கைத் துடக்கு வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அவர்களைக் கேட்டுவருகிறேன். திருவிழாச் சோறு துடக்கு வீட்டுக்குப் போகலாமோ என்று பெரியவர்கள் சிலர் யோசிக்கிறார்கள். அம்மன் பிரசாதத்தைக் கேட்கவில்லை, பந்தலில் சமைத்த சோற்றைத்தான் கேட்கிறேன் என்றேன். முன்பு செத்தவீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் இன்று லண்டனிலும் கனடாவிலும். தனிக்கட்டையாக இருக்கும் கிழவிக்குத் துடக்கு வந்தால் அவள் முற்றத்துக்கு வர ஆளில்லை என்பது பெரியவர்களுக்கும் தெரியும். போன வருடம் இளைஞர்கள் பேசி முடிவெடுக்கவில்லை. இந்த வருடம் சமையலுக்குப் பொறுப்பான பையன், "எத்தினை பார்சல் கட்டவேணும் வாத்தியார், வீடுகளைச் சொல்லுங்கோ" என்று கேட்டான். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.