தலை நிமிர்ந்து போய் உட்கார்!

தங்கையே, அழுதது போதும்! மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். நீயாவது உரக்கப் பேசு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மையலின் உறையைத் தாக்குகிறது. மேலுறை உரிந்த மின்கம்பிபோல் நரம்பு தடுமாறுகிறது. பார்வை மங்குவதும் கால் மரத்துப்போவதும் அதனால்தான். நீ செய்த பாவம் எதுவும் இதில் இல்லை. யார் சாபமும் இல்லை.

அடுத்த வாரம் உன் கையில் ஏறப்போகும் ஓக்ரிலிசுமாப் மருந்து எங்கிருந்து வந்தது, தெரியுமா? பிடிவாதத்திலிருந்து! சான் பிரான்சிஸ்கோவின் நரம்பியல் மருத்துவர் ஸ்டீபன் ஹவுசர், இந்த நோயில் எதிர்ப்புச் சக்தியின் பி செல்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்றார். எதிர்ப்புச் சக்தியின் இன்னொரு வகையான டி செல்தான் குற்றவாளி என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. ஆய்வுக்குப் பணம் கேட்டபோது, உயிரியல்படி இது நடக்காத காரியம் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கைவிரித்தது. அவர் அதோடு விட்டிருந்தால்? விடவில்லை! பி செல்களை ஒழிக்கும் ரிடுக்சிமாப் மருந்தை வைத்து 104 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் மூளையில் அழற்சிப் புள்ளிகள், பெறாதவர்களைவிட 91 சதவீதம் குறைவு! அந்த வழியில் வந்த ஓக்ரிலிசுமாபுக்கு 2017 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் வகை நோய்க்கு அதுவரை அங்கே ஒரு மருந்துகூட அனுமதி பெற்றதில்லை.

அப்படி வந்த மருந்தைக் குனிந்த தலையோடு வாங்கிக்கொள்ளாதே! ஹெபடைடிஸ் பி பரிசோதனை ஆனதா, போடவேண்டிய தடுப்பூசிகள் முடிந்தனவா என்று நீயே கேள். முதலில் 300 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு 300, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 600. ஒவ்வொரு முறையும் முன்னதாக ஸ்டீராய்டும் அலர்ஜி தடுக்கும் மருந்தும் தருவார்கள். ட்ரிப்ஸ் ஏறும்போது தோல் அரித்தாலோ தொண்டை இறுகினாலோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதே. உடனே நர்ஸைக் கூப்பிடு! வேகத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் அவர்களுக்குத் தெரியும். இதற்கென்றே பழகிய மையத்தைத் தேடிப் போவது அதற்காகத்தான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். போனதை இந்த மருந்து மீட்டுத் தராது; இருப்பதைக் காக்கத்தான் ஏறுகிறது. அதனால் அதன் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. புதிதாக ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். பலர் சறுக்குவது இங்கேதான். "நல்லாத்தானே இருக்கேன், இந்தத் தடவை வேண்டாமே" என்று மனசு கெஞ்சும். அந்தக் குரலை அடக்கு! நன்றாக இருக்கும் நாளிலும் போய் உட்காரும் துணிச்சல் உனக்கு வேண்டும்.

"வெளியே சொல்லாதே, வரன் அமையாது" என்பார்கள் உறவினர்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இந்த நோயைப் பெயர் சொல்லிப் பட்டியலில் வைத்திருக்கிறது. சட்டம் சொல்லும் பெயரை நீ ஏன் விழுங்க வேண்டும்? அலுவலகத்தில் சொல், விடுப்பு கேள். மருந்து முடிந்ததும் ஒரு மணி நேரம் கண்காணிப்பில் இருக்கச் சொல்வார்கள், இரு. எழுந்ததும் முதல் வேலையாக, அடுத்த தவணைக்கான தேதியை எழுதி வாங்கு!