எதிர்ப்பும் பகையும்

கருத்தில் மாறுபட்டவனைப் பகைவனென்று கொள்வதும், விட்டுக்கொடுத்தவனைத் தோற்றவனென்று நகைப்பதும் நம்மவரிடை வேரூன்றிய வழக்கங்கள். சங்கக் கூட்டமாயினும் குடும்பப் பேச்சாயினும் இதுவே நிலை. எதிர்ப்பில்லாத இடத்தில்தான் காரியம் நடைபெறுமென்பது உண்மையோ? விடை காண நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நமது கையையே நோக்குவோமாக.

மேற்கையின் முன்புறத்தே இருதலைத் தசையும், அதனடியில் துணையாக மற்றொன்றும் உள்ளன. பின்புறத்தே முத்தலைத் தசை உளது. முன்னவை சுருங்கினால் முழங்கை மடங்கும். பின்னது சுருங்கினால் நீளும். தசைக்கு இழுக்கத் தெரியுமேயன்றித் தள்ளத் தெரியாது. நாம் கதவைத் தள்ளும்போதும், முத்தலைத் தசை முழங்கை எலும்பின் நுனியை இழுக்கவே செய்கிறது. ஆகவே, மடக்கிய தசை எத்துணை வலியதாயினும் அக்கையை நீட்டும் ஆற்றல் அதற்கில்லை.

ஒன்று சுருங்கும்போது எதிர்த்தசை சும்மா கிடப்பதாகவே பலரும் எண்ணுவர். அங்ஙனமன்று. ஒன்றைச் சுருங்கச் செய்யும் தூண்டுதலே, தண்டுவடத்தில், மற்றதன் நரம்பணுக்களை அடக்கி அதனைத் தளரச் செய்கிறதென்று சார்ல்ஸ் ஷெரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் ஆய்ந்து நிறுவினார். 1932ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு பெற்ற இருவருள் அவர் ஒருவர். தளர்தலும் ஒரு தொழிலே போலும்! இரணஜன்னி நோயின் நஞ்சு தாக்குவது இவ்வடக்கத்தைத்தான். அப்போது இருபுறத் தசைகளும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடாமல் ஒருங்கே இறுக, உடல் வில்லாக வளைந்து விறைக்கிறது. வலிமைக்குக் குறைவில்லை, அசைவுதான் இல்லை.

சில வேளை இரண்டும் அளவறிந்து ஒருங்கே இறுகுவதும் உண்டு. பால்மரம் சீவுகையில் கத்தி மிக ஆழ்ந்தால் மரம் காயப்படும். மேலோடிச் சென்றால் பால் குறையும். அந்நுண்ணிய அளவில் கையை நிறுத்துவது இவ்விரண்டின் கூட்டே. இத்திறமையைக் குறிக்கச் செக்ரோல் புத்தகத்தில் இடமில்லையென்பது கணக்கெழுதும் நமக்கு நன்கு தெரியும்.

இவ்வளவில், “பார்த்தீரா, விட்டுக்கொடுப்பதே சிறப்பு” என்று மனைவியர்க்கும் தொழிலாளர்க்கும் உபதேசிக்கப் புறப்படுவோர் சிலர் இருப்பர். அவர்கட்கு நமது கை இடங்கொடாது. இப்போது தளர்ந்த தசை அடுத்த கணமே சுருங்கும். அப்போது முன்னது தளர்ந்தே தீரவேண்டும். என்றும் ஒன்றே தளரவேண்டுமென்னும் விதி அங்கில்லை.

ஒருபுறத்து ஆட்சியைக் காண விரும்புவோர், கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடம் அறுபட்ட சிலரது கையைக் காணலாம். இருதலைத் தசைக்கு உயிருண்டு. முத்தலைத் தசை செயலற்றுப்போயிற்று. எதிர்ப்பதற்கு எவருமில்லை. முழங்கை மடங்குகிறது, நாளடைவில் மடங்கியபடியே இறுகிவிடவும் கூடும். அங்ஙனம் ஆகாதபடி, பிறர் நாள்தோறும் அக்கையைப் பிடித்து மெல்ல நீட்டிவிட வேண்டியிருக்கிறது.