நற்பெயரை விற்க முடியுமா?

கணக்கியலில் விசித்திரமான விதி ஒன்று உண்டு. ஒரு கடை பல ஆண்டுகளில் சம்பாதித்த நற்பெயர் அதன் சொந்த ஏட்டில் சொத்தாக ஏறாது. கடை கைமாறும் நாளில்தான் அதற்கு விலை எழுதப்படுகிறது. அதுவும் வாங்கியவரின் ஏட்டில். அமெரிக்க வரிச் சட்டம் அந்தத் தொகையை 15 ஆண்டுகளில் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது.

குவீன்ஸில் எங்கள் தெருமுனை ஒயின் கடை கைமாறியபோது இந்த விதிதான் மனதில் ஓடியது. கணவன், மனைவி, மகள் மூவரும் நடத்திய கடை. நியூயார்க் மாநிலத்தில் சூப்பர் மார்க்கெட்டுகள் ஒயின் விற்க முடியாது; மதுக்கடை உரிமமும் ஒருவருக்கு ஒன்றுதான். இத்தகைய குடும்பக் கடைகள் இன்னும் பிழைத்திருப்பதற்கு அது ஒரு காரணம். நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்றால் தலையைக் குனிந்துகொண்டு நுழையும் இடம். இங்கே பெரியவர், இன்று என்ன சமையல் என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டிலை எடுப்பார். காரக்குழம்பு என்றால், என் கையிலிருக்கும் விலை உயர்ந்த போர்தோவை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, பாதி விலையில் லேசான இனிப்புள்ள ஃபிங்கர் லேக்ஸ் ரீஸ்லிங்கைத் தருவார். துவர்ப்பு காரத்தை ஏற்றும், இனிப்பு அடக்கும் என்பார்.

தன் லாபத்துக்கு எதிராக ஒருவர் சொன்ன சொல்லில் பிறந்தது என் நம்பிக்கை. அதையும் சேர்த்தா விற்றார்? உரிமத்தைக்கூட அவர் விற்க முடியாது. புதியவர் மாநில மது ஆணையத்திடம் தாமே விண்ணப்பித்துப் பெறவேண்டும். நம்பிக்கையும் அப்படித்தான். அதில் பாதி என்னுடையது. என் பங்கை அவர் எப்படி விற்பார்?

ஆனால் இந்த வாதம் என்னையும் கட்டுகிறது. நம்பிக்கை கைமாறாது என்றால், பழையவரின் நினைவை வைத்துப் புதியவரை அளக்க எனக்கும் உரிமை இல்லை. "அந்தக் காலம் போல வருமா" என்று சலித்துக்கொள்வதில் அன்பைவிடச் சோம்பல்தான் அதிகம். பெரியவரும் ஒருநாள் முன்பின் தெரியாதவராகத்தான் கடை திறந்தார். யாரோ உள்ளே போய் அவரிடம் முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஊர்விட்டு வந்த நமக்கும் யாரோ அப்படி ஒரு வாய்ப்புத் தந்ததால்தான் இங்கே நிற்கிறோம்.

பெரியவருக்குப் பட்ட கடனை அவரிடமே தீர்க்க இனி வழியில்லை. புதியவரிடம், "இன்றைக்கு மீன் குழம்பு, எதை எடுக்கலாம்?" என்று கேட்கலாம். அவர் எடுத்துத் தருவது பொருந்தாமல் போகலாம். இரண்டு மூன்று முறையாவது கேட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.