திணையும் நம் நாவும்

1917-இல் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் தோன்றிய இப்புணே நகரில் வடமொழிப் புலமைக்கு என்றும் குறைவில்லை. வேள்விக்கும் வழிபாட்டுக்கும் உரிய அம்மொழியில் மனைவியைக் குறிக்கும் பாரியை பெண்பால், தாரம் ஆண்பால், களத்திரம் நபும்சகம். பொருள் ஒன்று, பால் மூன்று. நம் பிள்ளைகள் தெருவிற் பேசும் மராத்தியிலும் கல் ஆண்பால், சுவர் பெண்பால், மரம் நபும்சகம். அங்கெல்லாம் பால் சொல்லைச் சார்ந்தது. தமிழிலோ பொருளைச் சார்ந்தது.

மக்களை உயர்திணை என்றும், பிறவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியம் வகுத்தது. உயர்வுக்கு எதிர்ச்சொல் தாழ்வு. ஆயினும் முன்னோர் ‘தாழ்திணை’ என்று பெயரிட்டாரில்லை; அல்லாத திணை என்னும் பொருளிலேயே அஃறிணை என்றனர். மரபியல் ஆறாவது அறிவாக மனத்தைக் கூறி, மக்களை ஆறறிவுடையோர் என்கிறது. திணை வகுக்குமிடத்தில் குலமோ செல்வமோ பேசப்படவில்லை.

அவ்வாறாயின், ‘அடிமை வந்தது’ என முடிப்பது ஏன்? அடிமை, குழவி, விருந்து, அரசு முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளை உணர்த்தினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறது கிளவியாக்கம். இழிவு கருதிய விதியாயின், அடிமையோடு அரசும் ஒரே வரிசையில் நின்றிருக்குமா? அம்முடிபு சொல்லின் வடிவு நோக்கியது, ஆளை நோக்கியதன்று.

நாமோ ஆளையே அஃறிணை ஆக்கிவிடுகிறோம். பாத்திரம் துலக்க வரும் மராத்திய அம்மையாரைப் பற்றி, “அது இன்னும் வரவில்லையா?” என்று வினவும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அவருக்குத் தமிழ் தெரியாது என்னும் துணிவே காரணம். குழந்தையையும் ‘அது’ என்கிறோமே, அஃது அன்பன்றோ எனச் சிலர் கேட்கலாம். அன்பே. ஆனால் அதே அன்போடு நம் அலுவலக மேலாளரை ‘அது’ என்போமா? சொல்லமாட்டோம் எனின், அங்கே நம் நாவை ஆள்வது அன்பன்று. அவர்தம் ஊதியத்தின் அளவே.

அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. அருகிருக்கும் நம் பிள்ளைக்குத் தெரியும். பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், தமிழை ஏட்டில் கற்பிக்க வாய்ப்பின்றி வீட்டுப் பேச்சாலேயே கற்பிக்கிறோம். யார் உயர்திணை, யார் அல்லர் என்பதையும் பிள்ளைகள் அப்பேச்சிலிருந்தே அறிகின்றனர். “அவர் வந்துவிட்டாரா?” என்று கேட்கப் பழகுவோம். திணை வழுவாத தமிழ் நம் வீட்டில் அங்கிருந்து தொடங்கட்டும்.