மருத்துவர் கடனும் நோயாளர் முன்விருப்பமும்

நோய் தீர்த்து உயிர் காத்தல் மருத்துவர் கடன் என்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆயின், தீரா நோயால் அறிவிழந்து கிடக்கும் ஒருவர், தாம் தெளிந்த அறிவோடிருந்த காலத்தே, 'மீளா நிலை எய்தின் மூச்சுக்கருவி முதலியவற்றால் என் உடம்பை நிறுத்திவைத்தல் வேண்டா' என எழுதிவைத்திருப்பின், மருத்துவர் செய்யத்தக்கது யாது? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

இத்தகைய முன்விருப்ப ஆவணம் செல்லும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அன்று, சாட்சிகள் இருவரோடு நீதித்துறை நடுவரின் ஒப்பமும் வேண்டப்பட்டது. அது பெறுதற்கு அரிதாயிருந்தமையின், நோட்டரியேனும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரேனும் சான்றளித்தல் அமையும் என 2023-இல் தளர்த்தப்பட்டது. சிகிச்சையை நிறுத்துமுன் மருத்துவக் குழுக்கள் இரண்டு ஆராய்ந்து உடன்படல் வேண்டும்.

சட்டம் இங்ஙனம் வழிவிட்டும் மருத்துவர் பலர்க்கு உள்ளம் துணிவதில்லை. அவர்தம் தடைகள் இரண்டு.

கருவியை நீக்குதல் கொலையன்றோ என்பது ஒன்று. நஞ்சூட்டி உயிர் போக்குதலை நம் நாட்டுச் சட்டம் இன்றும் விலக்கியே நிற்கின்றது. பயனற்ற கருவி நீங்கியவழி உயிரைக் கொண்டு செல்வது நோயே. உணர்வோடிருப்பார் ஒருவர் மருந்தை மறுப்பின், வலிந்து புகட்டுதல் அறமென்பார் இலர். அவர் உணர்விழந்ததனாலேயே அவர் சொல் மதிப்பிழக்குமோ?

எழுதியபின் மனம் மாறியிருப்பின் என்செய்வது என்பது மற்றொன்று. இவ்வையம் எளிதில் தள்ளற்பாலதன்று. ஆயினும், தெளிந்த அறிவுள்ள காறும் எழுதியதை எப்பொழுதும் மாற்றலாம். மாற்றாது விட்டதை ஐயத்தால் ஒதுக்கின், அவ்விடத்து ஆள்வது மருத்துவர் அச்சமோ சுற்றத்தார் கலக்கமோ ஆகும்.

மும்பையில் செவிலியராயிருந்த அருணா ஷான்பாக் என்பார், 1973-இல் கொடுந்தாக்குதலுற்று உணர்வு குன்றி, 2015-இல் இறக்குங்காறும் ஏறத்தாழ 42 ஆண்டுகள் கிடந்தார். அவர்க்கு உணவூட்டுதலை நிறுத்தவேண்டும் என்ற மனுவை, அவரைப் பேணிய மருத்துவமனையார் உடன்படாமையும் கருதி, நீதிமன்றம் 2011-இல் மறுத்தது. அவர்தம் அன்பு போற்றத்தக்கதே. ஆயினும் அருணாவின் விருப்பம் யாதென்பதற்கு எழுத்துச் சான்று ஒன்றும் இல்லை. வழக்கிட்டாரும் மறுத்தாரும் அவர் பொருட்டே பேசினர். அவர் சொல் மட்டும் அங்கு இல்லை.

ஆகலின், நோயாளர் பேசவல்ல பொழுதே அவர் கருத்தைக் கேட்டறிதல் மருத்துவர் கடனின் ஒரு கூறாம். கருவி நின்றபின்னும் நோவு தணித்தலும், வாய் நனைத்தலும், அருகிருத்தலும் நில்லா. இவற்றைச் செய்வார் நோயாளரைக் கைவிட்டவராகார் என்பதை அறிஞர் சிந்திப்பாராக.