அரங்கில் சிந்திய கண்ணீர்

நாடகம் பார்த்து அழுகின்றவன் இரக்கமுள்ளவனா? கேள்வி எளிதாகத் தோன்றலாம். மேடையில் ஒருத்தி வறுமையால் தன் கூந்தலை விற்கிறாள். கீழே இருக்கையில் அமர்ந்திருப்பவன் கண்கலங்குகிறான். நெஞ்சில் ஈரமில்லாதவன் கலங்குவானா என்று நாம் கேட்போம். ஆனால் அதே மனிதன் காட்சி முடிந்து வெளியே வருகையில், வாசற்படியோரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒருத்தியை ஏறெடுத்தும் பாராமல் தன் காரை நோக்கி விரைகிறான் என்றால், உள்ளே அவன் சிந்திய கண்ணீரை என்னவென்று சொல்வது? அது பொய் என்று தள்ளிவிட முடியாது. உப்புக் கரிக்கும் உண்மையான கண்ணீர்தான் அது. அறம் என்று ஏற்றுக்கொள்ளவும் மனம் தயங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடையே அதற்குரிய இடம் எது என்பதையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இவ்வினாவை நம்முள் எழுப்பியவர் ஒரு நாடக அன்பர். அமெரிக்க நாட்டின் நடுமேற்குப் பகுதியில் உள்ள பங்கு ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரை அறிந்தோம். இசை நாடகங்களின்மீது அவருக்கு அடங்காத பற்று. நியூயார்க் நகரின் பிராட்வே அரங்குகளில் புகழ்பெறும் இசை நாடகங்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. காட்சித் திரைகள், விளக்குகள், உடைகள் அனைத்தையும் பெரிய லாரிகளில் ஏற்றிக்கொண்டு கலைஞர்கள் ஊர் ஊராகப் புறப்பட்டுவிடுகின்றனர். ஓர் ஊரில் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு அல்லது மூன்று வாரங்கள். வாரத்திற்குப் பொதுவாக எட்டுக் காட்சிகள். ஞாயிறு இரவு கடைசிக் காட்சி முடிந்த கையோடு மேடையைப் பிரித்து ஏற்றி, செவ்வாய் மாலைக்குள் வேறோர் ஊரில் அதை மறுபடியும் எழுப்பிவிடுவர். நம் பாட்டனார் காலத்துப் பாலர் நாடக சபைகள் சீன்களையும் ஆர்மோனியத்தையும் கட்டிக்கொண்டு இரயிலேறிய வாழ்க்கையை இது நினைவூட்டும்.

அந்த ஆசிரியை நியூயார்க் நகருக்குச் சென்றதில்லை. நாடகம்தான் அவரைத் தேடி வந்தது. தம் ஊருக்கு வரும்போது பார்ப்பார். மூன்று மணி நேரப் பயணத்தில் அடுத்த ஊருக்கு வந்தாலும் விடமாட்டார். விலை குறைந்த மேல்மாடி இருக்கைதான் அவருக்கு வழக்கம். அங்கிருந்து பார்த்தால் முகங்கள் தெரியாவிட்டாலும் மேடையின் இயக்கம் முழுவதும் தெரியும் என்பார். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஒரு துண்டுச் சீட்டுச் செருகியிருந்தால், முதன்மை நடிகர் நலமின்றி அன்று மாற்று நடிகர் பாடுகிறார் என்று பொருள். மற்றவர்கள் அச்சீட்டைக் கண்டு முகம் சுளிப்பர், இவரோ மகிழ்வார். எவரும் எதிர்பாராத ஒரு குரலைக் கேட்கப்போகிறோம் என்ற மகிழ்ச்சி அது.

அவர் மிகுதியாகப் பார்த்தது 'லே மிசெராப்ல'. விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட பெரும் நாவலை அலேன் பூப்லில், குளோட் மிஷேல் ஷோன்பெர்க் ஆகியோர் இசை நாடகமாக ஆக்கினர். 1980-இல் பாரீசிலும், ஆங்கில வடிவில் 1985-இல் இலண்டனிலும், 1987-இல் நியூயார்க்கிலும் அது மேடையேறியது. அமெரிக்காவில் 1988-இல் புறப்பட்ட ஒரு சுற்றுப்பயணக் குழு 2006 வரை நிற்காமல் ஊர் சுற்றி 7,000-க்கும் மேற்பட்ட காட்சிகளை நடத்தியது. கதை நமக்கும் அந்நியமானதன்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் அந்நாவலை 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கினார். அதே பெயரில் 1950-இல் நாகையா நடித்த திரைப்படமும் வந்தது. அதில் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், வாழ்நாள் முழுவதும் 'ஜாவர் சீதாராமன்' என்றே அழைக்கப்பட்டார். ஒரு ரொட்டியைத் திருடியதற்காகவும், பின்னர்த் தப்பியோட முயன்றதற்காகவும் 19 ஆண்டுகள் சிறைப்பட்ட ஜான் வல்ஜான், விடுதலையான பின்னும் எந்தக் கதவும் திறவாமல் அலைவதையும், ஓர் ஆயர் அவனுக்குக் கதவைத் திறந்ததையும் நம் மூத்த வாசகர் பலர் அறிவர்.

இந்நாடகத்தை அந்த ஆசிரியை பதினேழு முறை பார்த்திருந்தார். ஒருநாள் திருப்பலிக்குப் பின் பங்கு மன்றத்தில் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, அவர் சொன்ன ஒரு செய்தி நம்மைச் சிந்திக்க வைத்தது. "முதல்முறை பார்த்தபோது, இந்தப் பெண் பாந்தீன் என்ன ஆவாளோ என்று துடித்தேன். பத்தாம் முறை பார்த்தபோது, இந்த ஊர் நடிகை பாந்தீனின் பாட்டை எப்படிப் பாடுவாளோ என்றுதான் காத்திருந்தேன். இடையில் எப்போதோ பாந்தீன் எனக்குத் தொலைந்துபோனாள், சாமி." சுழலும் மேடை முன்பு இருந்ததையும், 2010-இல் புறப்பட்ட புதிய குழு அதை நீக்கிவிட்டு ஹ்யூகோ வரைந்த ஓவியங்களைத் தழுவிய பின்புலங்களை வைத்ததையும் அவர் நுணுக்கமாக ஒப்பிட்டுச் சொல்லக்கூடியவர். அந்த அறிவே அழுகைக்குத் தடையாகிவிட்டதோ என்று அவர் அஞ்சினார்.

சுவைஞனுக்கு நேரும் இந்த ஆபத்து பழைமையானது. புனித அகுஸ்தினார் இளமையில் கார்த்தேஜ் நகரில் மாணவராக இருந்தபோது நாடகங்களில் மயங்கிக் கிடந்தவர். தம் 'அறிக்கைகள்' நூலின் மூன்றாம் புத்தகத்தில் அவர் அதை அலசுகிறார். தமக்கு நேர்ந்தால் எவரும் விரும்பாத துன்பத்தை, மேடையில் பிறருக்கு நேரும்போது மனிதர் ஏன் காசு கொடுத்துக் கண்டு அழுகின்றனர் என்பது அவருடைய கேள்வி. அவர் இரக்கத்தைப் பழிக்கவில்லை. அதன் இலக்கணத்தைக் கூர்மையாக்குகிறார். உண்மையில் இரங்குகின்றவன், தான் இரங்குவதற்குக் காரணமான துயரமே இல்லாமற்போக வேண்டும் என்று விரும்புவான். நாடகம் பார்ப்பவனோ துயரம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறான். அழுகை வரவில்லை என்றால் அவனுக்கு ஏமாற்றம். அழுகை வந்தால் அவனுக்கு இன்பம். இந்த அளவுகோலை நம் கையில் எடுத்துக்கொண்டால், நம் கண்ணீரில் பலவற்றை எளிதாக இனம் காணலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ரூசோ இன்னும் கடுமையாகப் பேசினார். ஜெனீவாவில் நாடக அரங்கு வேண்டும் என்ற கருத்தை எதிர்த்து 1758-இல் தலம்பேருக்கு அவர் எழுதிய மடலில் வரும் வாதம் இது: கற்பனைத் துயரங்களுக்குக் கண்ணீர் சிந்திவிட்டு, மானிடக் கடமை அனைத்தையும் செய்து முடித்துவிட்டதாக நாம் நிறைவுகொள்கிறோம், நம் கையிலிருந்து எதுவும் செலவாகவில்லை. உயிருள்ள ஏழையோ நம் பொருளையும் நேரத்தையும் கேட்பான். மேடையில் உள்ளவன் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே மேடையில் உள்ளவனையே நாம் விரும்புகிறோம் என்பது அவர் முடிவு.

இவ்விருவரும் சொல்வதில் மறுக்கவியலாத உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையா? நாடகத்தை ஒழித்துவிட்டால் மனிதர் வாசற்படியில் இருப்பவளைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி? அரங்கிற்கே போகாத கல்நெஞ்சர் எத்தனை பேரை நாம் அறிவோம்! பிறன் துயரம் என்பது என்ன என்று ஒருமுறையேனும் உணராதவன், கதவைத் தட்டுபவனின் குரலை எப்படி அடையாளம் காண்பான்? ஊர் ஊராகச் செல்லும் அந்நடிகர்களையே எண்ணிப் பார்ப்போம். பாந்தீனாக நடிப்பவளுக்கு அது நானூறாவது சாவாக இருக்கலாம். முந்தின இரவு வேறோர் ஊரில், வேறொரு விடுதியில் உறங்கியிருப்பாள். ஆனால் அன்று அரங்கில் அமர்ந்திருப்பவர்களுள் பலருக்கு அதுவே முதல் காட்சி. சிலருக்கு வாழ்நாளிலேயே ஒரே காட்சி. தனக்குப் பழகிப்போனதைப் பிறருக்குப் புதிதாகவே வழங்கும் கடமை அவளுடையது. ஒரே திருப்பலியை நாள்தோறும் நிறைவேற்றும் நம் போன்றோரும், ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் ஆசிரியரும், ஒரே நோயை நூறு பேரிடம் காணும் செவிலியரும் அவளிடம் கற்கத்தக்கது உண்டு. பழக்கம் அன்பைக் கொன்றுதான் தீர வேண்டும் என்பதில்லை; அன்பு உழைப்பைக் கேட்கும் என்பதே உண்மை.

அப்படியானால் அரங்கின் கண்ணீருக்கு உரிய பெயர் என்ன? விடை நமக்கு அந்த ஆசிரியையின் வாழ்விலிருந்தே கிடைத்தது. அவருடைய சகோதரியின் மகன் ஒருவன் திருட்டுக் குற்றத்திற்காகச் சில ஆண்டுகள் சிறையிலிருந்து வெளிவந்தான். வாடகைக்கு வீடு கேட்ட இடத்திலும் வேலை கேட்ட இடத்திலும் குற்றப் பதிவைப் பார்த்துக் கதவை மூடினர். தங்க இடம் கேட்டுப் பெரியம்மாவுக்குத் தொலைபேசினான். பதினேழு முறை வல்ஜானுக்காக அழுதவர், மூன்று நாள் விடை சொல்லவில்லை. பின்னரே வரச்சொன்னார். அவன் வந்த முதல் இரவு, தம் படுக்கையறை அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாராம். இதை அவரே பலர் நடுவில் சொன்னார், எழுதவும் இசைந்தார். "அந்த ஆயர் பூட்டவில்லை, நான் பூட்டினேன். அன்றைக்குத்தான் அந்த ஆயர் எவ்வளவு பெரியவர் என்று புரிந்தது. பதினேழு முறை பார்த்தும் புரியாதது, சாவியைத் திருப்பியபோது புரிந்தது" என்றார். அவன் எட்டு மாதம் அவ்வீட்டில் தங்கி, ஒரு கிடங்கில் வேலை தேடிக்கொண்டு போனான். அலமாரி எப்போது திறந்தது என்று நாம் கேட்கவில்லை.

மூன்று நாள் தயக்கத்தையும் பூட்டிய அலமாரியையும் கண்டு, அவருடைய கண்ணீர் வீண் என்று சொல்லிவிடலாமா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. நான்காம் நாள் அவர் கதவைத் திறந்தார் அல்லவா! அந்தப் பதினேழு மாலைகள் அவருக்குள் ஒரு கடனைச் சேர்த்து வைத்திருந்தன. கடன் கேட்டு ஒருவன் வந்து நின்றபோது, அவரால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. மேடை நமக்குப் பிறன் துயரத்தை இலவசமாக உணரத் தருகிறது. அந்த உணர்வு நாம் உழைத்துப் பெற்ற சொத்தன்று, கைமாற்றாகப் பெற்றது. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டிய இடம் மேடை அன்று, வாசற்படி. செலுத்தும் வரை அது அறமும் ஆகாது, பொய்யும் ஆகாது. தீர்க்கப்படாத கடனாகவே நிற்கும்.

ஹ்யூகோவின் நாவலில் வரும் ஆயர் மிரியேல் இதைத் தெளிவாக அறிந்தவர். 1806 முதல் 1838 வரை தீஞ் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த மியோலிஸ் அவர்களை மனத்தில் கொண்டே ஹ்யூகோ அப்பாத்திரத்தைப் படைத்தார். மேடையில் அந்த ஆயருக்குச் சில நிமிடங்களே உண்டு. வெள்ளி விளக்குத் தண்டுகளைத் தந்துவிட்டு மறைந்துவிடுவார். நாவலிலோ அவர் தம் பெரிய மாளிகையைப் பக்கத்திலிருந்த இடநெருக்கடி மிக்க மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டு, அச்சிறு கட்டடத்தில் தாம் குடியேறுகிறார். தம் ஆண்டு வருவாயான 15,000 இலிவரில் 1,000 மட்டுமே தமக்கென வைத்துக்கொள்கிறார். வெள்ளித் தட்டுகள் களவுபோயின என்று வீட்டுப் பணிப்பெண் பதறியபோது, அவை உண்மையில் ஏழைகளுக்கு உரியவை, இத்தனைக் காலம் தாம்தான் தவறாக வைத்திருந்ததாக அமைதியுடன் சொல்கிறார். தாம் கொடுத்ததாகவே அவர் எண்ணவில்லை. திருப்பித் தந்ததாகவே எண்ணுகிறார். மேடைக்கு வராத இப்பக்கங்களை அறிந்தால், விளக்குத் தண்டுகளைத் தந்த அந்த ஒரு நொடிக்குப் பின்னே நெடுங்காலப் பழக்கம் இருந்தது என்பது விளங்கும். அந்த ஒரு நொடியைக் கண்டு அழுவது எளிது. அந்தப் பழக்கத்தை மேற்கொள்வது கடினம்.

நாம் அந்நாட்டு அரங்குகளுக்குப் போக வேண்டியதில்லை. தவக்காலத்தில் நம் ஊர்களில் நடைபெறும் பாஸ்கா நாடகங்களிலும், வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னும் நாம் அழாமல் இல்லை. அழுகை வந்தால் அடக்க வேண்டாம். அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்போது நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வது நல்லது: இன்று யாருடைய துயரத்தைக் கைமாற்றாகப் பெற்றோம்? அதை யாரிடம் செலுத்தப்போகிறோம்? பெற வேண்டியவர் பெரும்பாலும் நம் தெருவிலேயே இருப்பார். சில வேளைகளில், வர வேண்டாம் என்று நாம் சொல்லியனுப்பிய உறவினராகவும் இருப்பார்.